மணல் விரியன் அட்டை

அப்பா அந்த அட்டையை எவர்சில்வர் டம்ளர் மேல் சாய்த்து நிறுத்தியிருந்தார். காலை எட்டரை மணி இருக்கும். எங்கள் பிளாட்டின் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தால் பருத்திப்பட்டு ஏரியின் ஒரு துண்டு ஜன்னல் வழியே தெரியும். தட்டில் இட்லி ஆறிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தொடவில்லை. மருந்துச் சீட்டு படிக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை அட்டையின் மேல் பிடித்திருந்தார்.

சீட்டுக்கட்டில் வரும் சீட்டின் அளவுதான் அது. கனமான பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. படத்தில் ஒரு பாம்பு. உடல் முழுக்க மணலுக்குள் புதைந்திருக்க, தலையின் மேற்பகுதியும் இரண்டு கண்களும் மட்டும் வெளியே. பின்னால் மணல்மேடு, வெளுத்த வானம். அட்டையைச் சாய்த்தால் மணல் மினுமினுத்தது. மேலே ஆங்கிலத்தில் பெயர். தமிழில் சொன்னால் மணல் விரியன் என்று வரும். கீழே பொடி எழுத்தில் இரண்டு வரி: மணலுக்குள் காத்திருக்கும், எதிராளி காலடி வைக்கும் வரை கண்ணுக்குத் தெரியாது.

அந்தப் பொடி எழுத்தை அப்பா என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். பொருளும் சொன்னேன்.

"கரெக்டா போட்டிருக்கான்" என்றார்.



லிப்டில் விழுந்தது

அட்டை யாருடையது என்று எனக்கு முந்தின நாளே தெரியும். எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் மூன்றாவது மாடி சங்கீதா அதன் படத்தைப் போட்டு, லிப்டிலோ பார்க்கிங்கிலோ விழுந்திருக்க வேண்டும், பார்த்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். முப்பது வயதிருக்கும். அம்பத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. இந்த அட்டைகளை வைத்து ஆடும் ஆட்டம் ஒன்று இருக்கிறது. வேலைக்குப் போகும் ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் கொரட்டூரில் ஒருவர் வீட்டு மாடியில் கூடி ஆடுகிறார்கள், ஒருவரோடொருவர் மாற்றிக்கொள்கிறார்கள். இதெல்லாம் பிறகு அவர் சொல்லித் தெரிந்துகொண்டது.

அப்பா தினமும் காலையில் வராந்தாவில் இருபது சுற்று நடப்பார். நடக்கும்போது லிப்ட் வாசலில் கண்டெடுத்திருக்கிறார்.

மாடிவீட்டுப் பெண்ணுடையது, கொடுத்துவிடலாம் என்றேன். முடியாது என்றார். முப்பத்தைந்து வருடம் பிட்டராக இருந்தவர். தொழிற்சாலையிலிருந்து ஒரு வாஷரைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனிதர். என் அம்மா உயிரோடு இருந்தவரை இதைக் குறையாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் வீட்டிலெல்லாம் கதவுத் தாழ்ப்பாள் கம்பெனி உபயம்.

அப்படிப்பட்டவர் அட்டையைச் சட்டைப்பையில் போட்டு, பையின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

எழுபத்தெட்டு வயது. ஆறு மாதத்துக்கு முன்பு டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, மறதி இனிமேல் கூடும், குறையாது என்று சொல்லியிருந்தார். பெயர்கள் முதலில் போகும் என்றார். என் மனைவியை அப்பா இரண்டு தடவை என் அம்மாவின் பெயர் சொல்லி அழைத்திருந்தார். இதுவும் அந்தக் கணக்கில் ஒன்று என்று நினைத்தேன். அவரோ மாலையில் அவராகவே பேச ஆரம்பித்தார்.

"பாஸ்கர், எதிராஜை இதான்டா கட்ச்சிது."

எதிராஜ் வேலை

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்பா வேலை பார்த்த கம்பெனி இப்போது இல்லை. மண் வெட்டும் பெரிய எந்திரங்களைச் செய்தார்கள். அது இருந்த இடத்தில் இன்று நாலு அடுக்குமாடிகள் நிற்கின்றன. எங்கள் தாத்தாவின் நிலம் கொரட்டூரில் பிளாட்டாகப் போனபோது, அப்பா ஏர் பிடித்த கையோடு அங்கே பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்தார்.

ஷாப் என்று அவர்கள் சொல்லும் அந்தப் பட்டறையில் ஒரு பேச்சு வழக்கு இருந்தது. போல்ட்டை முறுக்காமல் விட்டவனை, ஜாக்குக்கு முட்டுக் கொடுக்காமல் வண்டிக்கு அடியில் படுத்தவனை, "எதிராஜ் வேலை பண்ணாத" என்பார்கள். அலட்சியத்துக்கு அங்கே அதுதான் பெயர். புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதல் வாரத்திலேயே அது பழகிவிடும்.

பள்ளிக்கூடக் காலத்தில் அப்பாவின் நண்பர்கள் வீட்டுக்கு வந்து பேசும்போது நானும் அதைக் கேட்டிருக்கிறேன். ஒருமுறை நான் காபியைத் தரையில் கொட்டியபோது, வந்திருந்தவர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "இன்னா நைனா, எதிராஜ் வேலையா?" என்றார். அப்பா எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். முகம் கழுவப் போகிறார் என்று நினைத்தேன்.

நான் பத்திரிகைக்குப் போனபோது அந்தச் சொல்லையும் கொண்டுபோனேன். ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் முப்பத்தோரு வருடம் இருந்தேன். தலைப்பில் ஊர்ப் பெயரைத் தப்பாகப் போட்ட உதவி ஆசிரியரிடம், இன்னா இது, எதிராஜ் வேலை பார்த்திருக்கிறாய் என்பேன். அறையில் எல்லோருக்கும் பிடித்துப்போனது. நான் ஓய்வுபெற்ற பிறகும் அங்கே அது புழக்கத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். எதிராஜ் என்று ஒரு ஆள் இருந்தாரா என்று நான் யாரிடமும் விசாரித்ததில்லை. எங்கள் தொழிலில் ஒரு பெயரை அச்சில் ஏற்றுவதற்கு முன் இரண்டு இடத்தில் சரிபார்க்க வேண்டும். வாயில் ஏற்றுவதற்கு அப்படி ஒரு விதி இல்லை.

தடி யார் கட்டிலில்

அப்பா சொன்னதை அவர் சொன்ன வரிசையில் எழுதுகிறேன். நாலு மாலை ஆயிற்று அவர் சொல்லி முடிக்க.

நான் மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படித்த சமயம். ராஜஸ்தானில் பாலைவனத்துக்குள் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஓடிய எந்திரங்களைப் பராமரிக்கக் கம்பெனி பிட்டர்களை மூன்று மூன்று மாதமாக அனுப்பியது. அப்பாவும், நசரத்பேட்டைக்காரரான எதிராஜும் சேர்ந்து போனார்கள். எதிராஜ் அப்பாவை விட நாலு வயது சின்னவர். மாமே என்றுதான் கூப்பிடுவாராம். கல்யாணமாகி ஒரு கைக்குழந்தை.

அங்கே மரம் கிடையாது. நடுப்பகலில் நிழல் என்றால் எந்திரத்துக்கு அடியில் மட்டும்தான். ஒரு மணி நேரம் அங்கே சாக்கை விரித்துப் படுப்பார்கள். நிழலைத் தேடி வருவது மனிதர்கள் மட்டுமல்ல. ஒரு முழ நீளம்கூட இருக்காத விரியன், உடலை உதறி உதறி மணலுக்குள் இறங்கிவிடும், கண் மட்டும் வெளியே இருக்கும், மேலே படுத்தால்தான் தெரியும் என்று அந்த ஊர் டிரைவர் ஒருவர் எச்சரித்திருந்தார்.

அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒரு இரும்புத் தடி. படுப்பதற்கு முன் ஒருவர் அந்தத் தடியால் எந்திரத்தின் அடி முழுக்கத் தட்டி, கோணியை இழுத்து மணலைச் சமன் செய்ய வேண்டும். ஒரு நாள் இவர், மறுநாள் அவர். தட்டி முடித்தவர் சாயங்காலம் தடியை மற்றவரின் கட்டில் சட்டத்தில் மாட்டிவிடுவார். காலையில் கண் விழிக்கும்போது தடி யார் கட்டிலில் தொங்குகிறதோ, அன்று அவர் முறை. மற்றவர் கேட்க வேண்டியதில்லை. நேராகப் போய்ப் படுக்கலாம்.

இரண்டு மாதம் ஒரு நாள்கூடத் தப்பவில்லை.

அந்த நாள் தடி அப்பாவின் கட்டிலில் தொங்கியது. அவர் அதை எடுத்துக்கொண்டு போகவில்லை. எதிராஜ் சாக்கை விரித்துப் படுத்தார். மூன்று நிமிடம் ஆகியிருக்காது என்றார் அப்பா.

ஏன் எடுத்துப் போகவில்லை என்று கேட்டேன். காய்ச்சலா, வேறு வேலையா, ஏதாவது ஒன்று இருக்கும் என்று எதிர்பார்த்தேன்.

"சோம்பல்" என்றார்.

ஆஸ்பத்திரி இருந்த ஊருக்கு ஜீப்பில் அரை நாள் பயணம். எதிராஜ் மறுநாள் இறந்தார். மூன்றாவது நாள் கம்பெனி அதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார். ஒரே ஒரு கேள்விதான் முக்கியமாகக் கேட்டார்: அன்றைக்குத் தரையைப் பார்க்க வேண்டிய முறை யாருடையது?

"அவனோடதுன்ட்டேன்" என்றார் அப்பா. "ஒரே வார்த்தடா. அவர் எழுதிகினாரு. நான் கையெழுத்து போட்டேன்."

திரும்பி வந்தபோது எதிராஜின் பெட்டியைச் சென்ட்ரல் ஸ்டேஷனிலேயே அவருடைய அண்ணனிடம் கொடுத்துவிட்டார். நசரத்பேட்டைக்குப் போகவில்லை. அதற்குப் பிறகும் போனதில்லை. அதை ஒட்டிய பூந்தமல்லியில் எங்கள் உறவில் எத்தனையோ கல்யாணம் நடந்திருக்கிறது. அப்பா ஒன்றுக்கும் வந்ததில்லை. அந்தப் பக்கம் பஸ் நெரிசல் என்பார். எதிராஜின் மனைவி என்ன ஆனாள் என்றும் விசாரிக்கவில்லை. எதிராஜின் மகன் பதினெட்டு வயதில் அதே ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தபோதுதான் அவரை முதல் தடவை பார்த்திருக்கிறார். அதற்குள் அந்தச் சொல் அங்கே வேரோடிவிட்டிருந்தது.

"மறந்துட்டேன்னா சொல்ல முடியாதில்ல. அவன் ஊட்டுக்கு இட்டுகினு போடா."

ஆறு அங்குல ஸ்கேல்

அதற்குள் சங்கீதா கீழே வந்துவிட்டார். அட்டை எங்களிடம் இருப்பதை வாட்ச்மேன் சொல்லியிருக்க வேண்டும். வாசலில் நின்று, உள்ளே வரத் தயங்கினார். அட்டை வளையாமல் இருக்கிறதா என்பதுதான் அவர் கவலை.

"அங்கிள், உறையைக் கழட்டலை தானுங்க? கை பட்டா மூலை மழுங்கிடும். அது ஒண்ணுக்காக நான் ரெண்டு வருசம் அலைஞ்சேன்."

அப்பா பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். உறையைக் கழற்றவில்லை. ஆனால் கையையும் எடுக்கவில்லை. இதை ஒரு இடத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்றார். எதற்கு என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று. முழுவதும் சொல்லவில்லை. இந்த மாதிரி பாம்பு கடித்து ஒருவர் இறந்தார், அவர் வீட்டுக்கு இவர் ஒரு விஷயம் சொல்லப் போகிறார், வாய் தடுமாறினால் இதைக் காட்டியாவது தொடங்கலாம் என்று நினைக்கிறார் என்றேன்.

சங்கீதா கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எங்க ஆட்டத்துல சும்மா கொடுக்கிற பழக்கம் இல்லீங்க என்றார். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்க வேண்டும். சும்மா வாங்கிய அட்டையை யாரும் தன்னுடையது என்று வைத்து ஆட மாட்டார்களாம்.

அப்பா சட்டைப்பையில் துழாவினார். அதில் எப்போதும் ஒரு ஆறு அங்குல எஃகு ஸ்கேல் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த வருடம் வாங்கியது. ஓய்வுபெற்ற பிறகும் அது இல்லாமல் சட்டை போட்டதில்லை. அளவுக்கோடுகள் பாதி தேய்ந்திருந்தன. அதை எடுத்து நீட்டினார்.

சங்கீதா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். அட்டைகளை அடுக்கும் தன் ஆல்பத்தில் காலியாக இருந்த அந்த இடத்தில் ஸ்கேலைச் செருகிவைத்திருப்பதாக ஒரு வாரம் கழித்துச் சொன்னார். பக்கம் மூடவில்லையாம்.

நசரத்பேட்டை

வீட்டைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. பெங்களூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பி மூன்றாவது தெரு. லாரிச் சத்தம் அங்கேயும் கேட்கிறது. வாசலில் "இட்லி மாவு கிடைக்கும்" என்று சுண்ணாம்பில் எழுதியிருந்தது. உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. எதிராஜின் மனைவி கோமளாவுக்கு எழுபதை ஒட்டிய வயது. கையில் மாவோடு எட்டிப் பார்த்து, மாவு அஞ்சு நிமிஷம் ஆகும் என்றார். வாங்க வந்தவர்கள் என்று நினைத்திருக்கிறார்.

நான் அப்பாவின் பெயரைச் சொல்லி, அவர் மகன், பத்திரிகைக்காரன் என்றேன். கையைக் கழுவிவிட்டு வந்து நாற்காலி போட்டார். கிரைண்டரை நிறுத்தவில்லை.

அப்பா அட்டையை எடுத்து அவர் முன்னால் இருந்த ஸ்டூலில் வைத்தார். கோமளா குனிந்து பார்த்தார்.

"இதுவா?"

"இத மாதிரி. இம்மாந்தான் இருக்கும்" என்று அப்பா விரலால் காட்டினார்.

கோமளா அட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

அப்பா சொல்ல ஆரம்பித்தார். தடி, கட்டில், முறை. இரண்டு இடத்தில் வார்த்தை கிடைக்காமல் நின்றுவிட்டார். நான் எடுத்துக்கொடுக்கவில்லை. பேட்டி கொடுப்பவர் வாயில் நாம் வார்த்தையை வைக்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அன்று அது கடினமாக இருந்தது. ஒரு கட்டத்தில் கோமளா எழுந்துபோய்க் கிரைண்டர் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கல் தானாகச் சுற்றி நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அன்னிக்கு தடி என் கட்டில்லதாம்மா இருந்துச்சு. அவன் தப்பு இல்ல."

 கோமளா எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் வரவில்லை. போய்விடலாமா என்று நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் நாற்காலியை விட்டு அசைவதாக இல்லை.

கோமளா ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தார். உள்ளே ஒரு இன்லேண்ட் லெட்டர். மடிப்புகளில் கிழிந்து, பின்பக்கம் டேப் ஒட்டியிருந்தது. கண்ணாடி போடவில்லை, நீ படி என்று என்னிடம் நீட்டினார்.

பென்சிலில் எழுதியது. மேலே புதன்கிழமை என்று இருந்தது. வெயில், சப்பாத்தி, தண்ணீர் உப்பு, குழந்தைக்கு ஒட்டகப் பொம்மை பார்த்து வைத்திருப்பது. ஏழாவது வரியில் இப்படி இருந்தது: 'இன்று தடி என் கட்டிலில். நாளை மாமே தட்டும். நான் சும்மா போய்ப் படுத்துக்கொள்வேன்.'

அதை உரக்கப் படித்தேன். கோமளா மறுபடி ஒரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"அவர கட்ச்சது வியாழக்கிழமை" என்றார். "தந்தி வந்து அஞ்சு நாள் பின்னால இந்த லெட்டர் வந்துச்சு. தடி தடின்னு எழுதிகிறாரே, இன்னா தடின்னு நான் யாரையும் கேக்கல. எல்லாரும் அவரு அலட்சியமா பூட்டாருன்னாங்க. நானும் அப்பிடித்தான் நெனச்சிகினேன்."

கடிதத்தை வாங்கிக் கவரில் போட்டார். பிறகு அப்பாவிடம் பேசினார். குரல் உயரவில்லை.

"எம்புள்ள அந்த பேக்டரில பதினோரு வருசம் அந்தப் பேச்ச கேட்டுகினு இருந்தாண்ணா. ஒரு நாள் ஊட்டுக்கு வந்து, என் இனிஷியல மாத்திக்கலாமான்னு கேட்டான். நான் அவன அடிச்சேன். கல்யாண வயசுப் புள்ளய."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. கோமளாவும் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நான் அங்கே இருந்தேன். அதனால் இதை உறுதியாகச் சொல்ல முடியும்.

அப்புறம் கோமளா என் பக்கம் திரும்பினார்.

"நீ பேப்பர்லதான கீற? தப்பா போட்டீங்கன்னா மறுநாள் சரியா போடுவீங்களே, அது போடு. உங்கப்பா பேரு, எங்க ஊட்டுக்காரர் பேரு, ரெண்டும் போட்டுப் போடு."

பேப்பரிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டேன், இப்போது வாரப் பத்திரிகையில் தொடர் மட்டும் எழுதுகிறேன் என்றேன்.

"அதுல போடு. எம்புள்ள படிப்பான்."

நாங்கள் ஆட்டோவில் ஏறியபோது கோமளா பின்னாலேயே வந்தார். அட்டையை அப்பாவின் மடியில் வைத்தார். "இத உட்டுட்டு போறீங்க. எனக்கு வாணாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். தெருமுனை திரும்புவதற்குள் கிரைண்டர் மறுபடி ஓடத் தொடங்கியது.

திருத்தம்

நாளிதழில் கடைசி ஏழு வருடம் ஆறாம் பக்கத்தின் அடியில் வரும் திருத்தப் பெட்டி என் பொறுப்பில் இருந்தது. தப்பு எப்படி நேர்ந்தது என்று அதில் விளக்கக் கூடாது. யார், எது, எது சரி, அவ்வளவுதான். அழகாக எழுத ஆசைப்படும் புதியவர்களிடம், பாதிக்கப்பட்டவர் கத்தரித்து வைத்துக்கொள்ளும்படி இருந்தால் போதும் என்பேன்.

இதை எழுதப்போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். பெயரைப் போடலாமா என்று மூன்று நாள் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் போடு என்றார்.

அது நாலு மாதத்துக்கு முந்தைய பேச்சு. இன்று காலை அதே மேஜையில் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது யாருதுடா என்று கேட்டார். உங்களுடையதுதான், ஸ்கேலைக் கொடுத்து வாங்கினீர்கள் என்றேன். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். 

எதிராஜ், பிட்டர், நசரத்பேட்டை. பாம்பு கடித்த அந்த வியாழக்கிழமை, எந்திரத்தின் அடியில் மணலைத் தட்டிப் பார்க்க வேண்டிய முறை அவருடையது அல்ல. அது என் அப்பா, கொரட்டூர் சிவலிங்கத்தின் முறை. எதிராஜ் அலட்சியமாக இருக்கவில்லை. தட்டியாயிற்று என்று நம்பிப் படுத்தார்.